வெயிலில் அரைத்த மாவு

கிள்ளானில் எங்கள் மாவுக் கடை இருக்கும் ரோட்டில் இரும்புப் பட்டறை உண்டு, பிளாஸ்டிக் பாட்டில் தொழிற்சாலை உண்டு, மரச் சாமான் செய்கிறவர்கள் உண்டு. இட்லி, தோசைக்கு மாவு அரைப்பது நாங்கள் மட்டும்தான். அதனாலோ என்னவோ, மின்சாரத்தைப் பற்றி எங்கள் ரோட்டுத் தொழில்காரர்களுக்கு வைத்த கூட்டத்துக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் கிளம்புவதைப் பார்த்து நானாகவே போய் உட்கார்ந்தேன்.

பேசியவள் ஒரு சின்ன நிறுவனத்தின் இஞ்சினியர். என் மகள் வயதிருக்கும். எங்கள் வட்டாரத்துக் கூரைகளில் நிறைய சோலார் தகடுகள் வந்துவிட்டன. நடுப்பகலில் அவை தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வெயில் இறங்கியதும் எல்லா வீட்டிலும் ஏர்கோனையும் துவைக்கிற மிஷினையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள். அப்போது லைன் திணறுகிறது. மாலை வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொள்கிறவர்களுக்கும், கேட்ட நேரத்தில் மோட்டாரை நிறுத்தித் தருகிறவர்களுக்கும் பில்லில் கழித்துக் கொடுப்பார்களாம். இப்படி விட்டுக்கொடுப்பவர்களை வட்டாரம் வட்டாரமாகச் சேர்த்து ஒரு சந்தை உண்டாக்கினால், இன்னும் எத்தனையோ கூரைகளில் சோலார் போடலாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கும் ஒரு விலை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கையைத் தூக்கி, எங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"பெரிய கரண்ட் லோட் உள்ளவங்கள மொதல்ல எடுக்கறோம் ஆன்டி. சின்னக் கடைங்கள அப்புறம் பாக்கலாம்," என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். பின் வரிசையிலிருந்த பாட்டில் தொழிற்சாலைக்காரர்தான், "மாவு மிஷின நிறுத்தினா ஊருக்கே லைட் வந்துருமா லா?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

"இங்க உள்ளவங்கள்ல பாதிப் பேரு ஆறு மணிக்குக் கடைய அடைச்சிட்டுப் போயிருவீங்க. அதுக்கு மேல மோட்டார் போடற சில பேர்ல நாங்களும் உண்டு. எங்கள விட்டுட்டு யார நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் தன் பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு எங்களையும் எங்களைப் போன்ற சின்னக் கடைகளையும் சேர்த்துக்கொண்டாள்.

கடையில் என் ரோஷத்துக்கு அத்தனை மதிப்பில்லை. என் கணவரின் தங்கையும் நானும் சேர்ந்துதான் தொழிலை நடத்துகிறோம். மாவு விஷயத்தில் என் நாத்தனார் கை வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் தீர்ப்பு. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள், "உங்களுக்கு ரோஷம் வந்தது மாவுக்குத் தெரியுமா அண்ணி?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் சாயங்காலம் அரைப்போம். மாவு இரவெல்லாம் பொங்கும். விடிவதற்குள் என் கணவர் வேனில் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போய்விடுவார். அங்கே இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைதான் எங்களுடைய பெரிய வாடிக்கை. கிள்ளான் வெக்கையில் பகலில் அரைத்து வைத்தால் மறுநாள் காலை அது என்ன கதியாகும்? பயந்தபடியே புளித்துப்போனது. பகலில் அரைத்து அனுப்பிய முதல் நாளே கடைக்காரர் போன் செய்தார்.

"என்னா தங்கச்சி இது, தோசையா ஊறுகாயா? கஸ்டமர் தட்டோட திருப்பி அனுப்பறான். இன்னொரு தடவ இப்படி வந்துச்சின்னா வேற ஆள பாத்துக்குவேன், கோவிச்சுக்காத."

அந்தக் கடை போனால் எங்கள் வேலையில் பாதி போய்விடும். மாவு கிளறவும் வாளி கழுவவும் வரும் இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். கடைக்காரருக்குப் பழையபடி சாயங்கால மாவையே அனுப்பிக்கொண்டு, பகல் மாவைக் கொஞ்சமாக அரைத்துச் சோதித்துப் பார்த்தோம்.

மாவைக் குளிரில் வைத்தால் புளிக்காது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடையின் பின்னால் இருக்கும் குளிர் அறையைச் சாயங்காலம் ஓடவிட்டால் நான் நிறுத்துவதாகச் சொன்னதற்கு என்ன அர்த்தம்? பாசாரில் மீன் வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மீன்காரர் எந்தப் பிளக்கை மாட்டி மீனைக் கெடாமல் வைத்திருக்கிறார்? அன்றிலிருந்து பகல் வெயில் தரும் மின்சாரத்தில் ஐஸ் உறைய வைத்தோம். சாயங்காலம் குளிர் அறையை அணைத்துவிட்டு, மாவைச் சுற்றி ஐஸை அடுக்கினோம்.

இந்த முறை மாவு பொங்கவே இல்லை. வெந்ததை எடுத்துப் பார்த்த நாத்தனார், "இத இட்லின்னு சொன்னா இட்லி கேஸ் போடும்," என்றாள். கெட்டுப்போன மாவையெல்லாம் நாங்கள்தான் தின்று தீர்த்தோம். என் கணவர் கடைசியில் வாய் விட்டு ரொட்டி கேட்டார்.

வழி கண்டுபிடித்தது நாத்தனார்தான். என் வாக்கைக் காப்பாற்றுவதற்காக அல்ல. மோசமான மாவைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. பெரிய டிரம்மில் வைப்பதால்தான் நடு மாவின் குளிர் விடமாட்டேன் என்கிறது, சின்ன வாளிகளில் பிரித்து வைக்கலாம், பொழுது சாய்ந்ததும் வெளியே எடுத்துக் கையால் நன்றாகக் கலக்கிவிடலாம் என்றாள். அப்படிச் செய்ததும் மாவு பொங்கியது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸுக்கு அதை அனுப்ப எங்களுக்கு தைரியம் வரவில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் வந்தது. அந்தச் சனிக்கிழமை கடைக்காரர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டிருந்தார். காலையிலிருந்து ஒரே மழை. கூரைத் தகடுகளுக்கு வேலையே இல்லை, சாயங்காலம் எல்லா வீட்டிலும் பலகார வேலை வேறு. மதியத்துக்குள் அந்த நிறுவனத்திலிருந்து செய்தி வந்துவிட்டது, அன்று மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை முடிந்தவர்கள் நிறுத்த வேண்டும் என்று. பின்னாலேயே இஞ்சினியர் பெண் போன் செய்தாள்.

"பாட்டில் பேக்டரி முடியாதுன்னுட்டாங்க ஆன்டி. உங்களுக்கும் தீபாவளி நேரம். முடியலன்னா பரவால்ல."

அந்தப் பரவாயில்லைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்களுக்குப் பரவால்லன்னு யாரும்மா சொன்னது? நிறுத்தறோம்," என்றேன்.

சொல்லிவிட்டு நாத்தனாரைப் பார்த்தேன். இன்றைக்கு எல்லா மாவும் பகல் மாவு, பிரிக்பீல்ட்ஸுக்குப் போவதும் அதுதான். அவள் ஊறிக்கொண்டிருந்த அரிசியில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள், போய் கிரைண்டரைப் போட்டாள்.

ஆறரைக்குள் அரைத்து முடித்தோம். முந்தைய நாட்களின் வெயிலில் உறைந்த ஐஸ் கைகொடுத்தது. ஏழு மணிக்கு மெயின் சுவிட்சை நானே அணைத்தேன். அந்த நேரத்தில் எங்கள் கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பேட்டரி விளக்கை மாட்டிவிட்டு, நான்கு பெண்களும் வாளி வாளியாகக் கலக்கினோம். பின்பக்கம் அடுக்குமாடி வீடுகளில் ஒரு ஜன்னல் விடாமல் வெளிச்சம். யார் வீட்டிலோ முறுக்கு சுடும் வாசம் வந்தது. அந்த வெளிச்சத்தில் துளியாவது நாங்கள் விட்டுத் தந்தது என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்துபோனது. கூடவே, விடிந்தால் என்ன ஆகுமோ என்று பயமாகவும் இருந்தது.

விடியற்காலையில் மூடியைத் திறந்தால் மாவு வாளி விளிம்பைத் தொட்டிருந்தது. நாத்தனார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "ஏத்துங்க," என்றாள். அன்று நானும் வேனில் போனேன். கடையில் உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது, ஆனால் அரைத்தவள் நாக்கை யார் நம்புவது? பக்கத்து மேசைகளில் எந்தத் தட்டிலும் மிச்சம் இல்லை.

"மாவு எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான் இருக்கு. ஏன் கேக்கற?"

எப்பவும் போல! எந்தப் பட்டம் கொடுத்திருந்தாலும் எனக்கு அவ்வளவு இனித்திருக்காது. அவரை நிறுத்தி வைத்து வெயில், ஐஸ், சுவிட்ச் எல்லாம் சொன்னேன். "அதெல்லாம் எனக்கு எதுக்கு தங்கச்சி? நாளைக்கு ரெண்டு வாளி கூட அனுப்பு," என்றுவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சனிக்கிழமை லைன் திணறாமல் தாங்கியது சின்னக் கடைகளால்தான் என்று சொன்ன இஞ்சினியர் பெண், எப்படிச் செய்தீர்கள் என்று எங்களைக் கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவதற்குள் நாத்தனார் எழுந்துவிட்டாள்.

"வாளி என் யோசன. ஐஸு எங்க அண்ணி யோசன. நிறுத்தறேன்னு வாக்கு குடுத்ததும் அவங்கதான். எங்க அண்ணி ஒண்ணு சொன்னாங்கன்னா செய்வாங்க."

இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கூட்டம் கலையும்போது பாட்டில் தொழிற்சாலைக்காரர் எங்களிடம் வந்தார். அவர் இடத்திலும் இப்படி ஏதாவது மாற்றிச் செய்ய முடியுமா, வந்து பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சின்னக் கடைங்கள மொதல்ல பாக்கறோம் பாஸ். உங்கள அப்புறம் பாக்கலாம் லா."