மேக்க திருப்பு

என் கணவருக்கு இடது வலது கிடையாது. கல்யாணமான புதிதில் அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு "உப்பு எங்கே?" என்று கேட்டால், "சீனி டப்பாவுக்குத் தெக்க இருக்குல்லா" என்பார். நாகர்கோவில் பக்கத்து கிராமத்துக்காரர். அங்கே பந்தியில் உட்கார்ந்தவரைக்கூட "கொஞ்சம் கெழக்க தள்ளி இரியும்" என்றுதான் சொல்வார்களாம். நான் திருவனந்தபுரத்திலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். சூரியன் எந்தப் பக்கம் உதித்தால் எனக்கென்ன என்று வளர்ந்தவள். "வீட்டையா நடத்துறோம், கப்பலையா ஓட்டுறோம்?" என்று அவரைக் கேலி செய்யாத நாள் குறைவு.

பழவங்காடி கடைத்தெருவில் ஒருமுறை நெரிசலுக்கு நடுவே ஆட்டோக்காரரிடம் "வடக்க திருப்புங்க" என்றார். அந்த மனுஷன் வண்டியையே நிறுத்திவிட்டு, "சாறே, இடத்தோட்டோ வலத்தோட்டோ?" என்று கேட்டார். இவர் தன் சோத்துக்கையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். பின்னால் ஹாரன் அலறியது. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் மென்பொருளில் பிழை பிடிப்பது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடிக்கொண்டிருந்தால் மனசு புளித்துப்போகும். நாற்பதுக்கு மேல் எனக்குக் கிளைடர் பைத்தியம் பிடித்தது அதனால்தானோ என்னவோ. ஆபீஸ் தோழி ஒருத்தி பொன்முடி மலைக்குக் கூட்டிப்போய், ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். ஓட்டுவதற்கு மோட்டார் இல்லாத சின்ன விமானம். மலைச்சரிவில் மோதும் காற்று மேலே ஏறும். அந்தக் காற்றின்மேல் அது மிதக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்றைக்கு நான் வீடு திரும்பியபோது தரையில் நடந்ததாக நினைவில்லை.

பிறகு நானே ஒன்று செய்தேன். சாப்பாட்டு மேஜை முழுக்க ஃபோம் துண்டும் பசையும். இவர் மாதக்கணக்கில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வயிற்றைப் புரட்டும் என்று, பொன்முடிக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து டாஷ்போர்டில் வைப்பார். மலையடிவாரக் கேட்டில் காவலாளி, "டிரோண் ஆணோ சேச்சி?" என்று கேட்பார். மோட்டாரும் இல்லை கேமராவும் இல்லை என்பேன். "பின்னே எங்ஙனெ பறக்கும்?" என்பார். "காற்றுண்டல்லோ சேட்டா" என்று இவரே எனக்காகப் பதில் சொல்வார், ஏதோ காற்று எங்கள் சொந்தக்காரர் மாதிரி.

போன வருஷம் என் வலது கண்ணில் விழித்திரை விலகியது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா பார்வையைக் காப்பாற்றிக் கொடுத்தார். அவருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். ஆனால் கதவு நிலை அந்தக் கண்ணுக்குக் கொஞ்சம் வளைந்துதான் தெரியும். இடது கண்ணோ சின்ன வயசிலிருந்தே தூரத்துக்கு மந்தம். வேலை செய்யலாம், படிக்கலாம். கிளைடர்தான் போயிற்று. தூரத்தில் அது வெறும் புள்ளி. எது மூக்கு, எது வால், வருகிறதா போகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. அது தெரியாமல் ரிமோட்டைப் பிடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதுதான்.

இவர் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. கிளைடர் நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலது. பழகியவர்களே தடுமாறுவார்கள். இவரோ முதலில் சோத்துக்கையைப் பார்க்க வேண்டும், பிறகு அதைத் திருப்பிப் போட வேண்டும். "இடது... இல்ல, வலது... சவம், அந்தப் பக்கம்!" என்று முடிப்பதற்குள் அது புதரில் குத்தி நின்றது. திரும்பும் வழியெல்லாம் நான் கத்தினேன். இவர் எலுமிச்சம்பழத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

உடைந்த றெக்கையை ஒட்டினேன். இன்னும் ஒரே ஒரு முறை பறக்கவிடுவது, அதுவும் சரிப்படாவிட்டால் தோழியிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்குப் போனிலும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அந்தச் சாயங்காலம் மேற்குச் சரிவின் விளிம்பில் நின்றோம். காற்று நேராக முகத்தில் அடித்தது. இவர் கிளைடரை வீசினார். கொஞ்ச நேரம் கிட்டத்திலேயே வைத்துக்கொண்டேன், தெரிந்தது. பிறகு காற்று பலத்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எதிரே வெயில். கண் கூசி, புள்ளியும் போயிற்று. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியிருந்தது. உடனே இறக்காவிட்டால் இவருக்கும் அது தெரியாது.

"காணல! எனக்குக் காணல!" என்று அலறினேன்.

இவருக்குப் பதற்றத்தில் இடது வலது எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் ஊர் வந்தது.

"ஏ பிள்ள, மூக்கு வடக்க இருக்கு! அது மலைய ஒட்டிப் போகு! மேக்க திருப்பு!"

முகத்தில் அடிக்கும் காற்று மேற்கு. வடக்கே பார்த்துப் போகிற நான் மேற்கே திரும்ப வேண்டுமென்றால் என் இடது கைப் பக்கம். யோசித்தேனா என்றே தெரியவில்லை, விரல் நகர்ந்துவிட்டது.

"ஆ, திரும்பிட்டு! மேக்க போகு. இனி தெக்க."

மறுபடியும் இடது.

"அப்பிடித்தான். இப்போ கெழக்க, நம்மளப் பாத்து வருகு... விடு, விடு... தலைக்கு மேல தாண்டிட்டு. வடக்க திருப்பு!"

என்னைப் பார்த்து வந்தால் என்ன, விலகிப் போனால் என்ன? கிழக்கு கிழக்குதான். நான் கீழே நிற்கவில்லை, அதற்குள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"மேக்க திருப்பு. காத்துக்கு எதிரா. அப்பிடியே விடு... எறங்குகு... எறங்குகு..."

எனக்குப் பின்னால் புல்லில் சரக்கென்று ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் ஆவல! ஒரு கீறல் இல்ல, கேட்டியா!" என்று கத்திக்கொண்டே எடுக்க ஓடினார்.

அதற்குள் மூடுபனி விளிம்பைத் தாண்டி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. என் கையில் இருந்த ரிமோட்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் நான் கேலி செய்த அந்தத் தெற்கும் வடக்கும் எனக்கு ஆகாயத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தன. இந்த மனுஷனுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? தோழிக்குக் கொடுக்க முடியாது என்று இன்றைக்கே போன் செய்ய வேண்டும். திட்டுவாள், திட்டட்டும்.

புல்லில் காலடி கேட்டது. ஆள் தெரியவில்லை.

"எங்க நிக்கிறீங்க?" என்றேன்.

"ஒனக்கு வடக்க."

காற்று முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. வலது கையை நீட்டினேன். அவர் கை அங்கே இருந்தது.