நான் ஏணி ஏறிக் காட்டிய நாள்

1. திரும்பிப் போனது

சில மாத மருத்துவ விடுப்புக்குப் பிறகு நான் வேலைக்குக் கிளம்பிய அன்று, கோரமண்டல் ஸ்டேஷனில் என்னைப் பார்த்த எல்லோரும் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். ஊன்றுகோலையாவது எதிர்பார்த்திருப்பார்கள் போல. நானோ ஷேவ் செய்து, சட்டையை இன் பண்ணி, சாப்பாட்டுப் பையோடு நின்றேன்.

எனக்கு வந்திருப்பது ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ். மூட்டுவலி என்று சொன்னால் ஆளுக்கொரு எண்ணெய் சிபாரிசு செய்வார்கள். வலி அதில் பாதிதான். மீதி களைப்பு. தூங்கினால் தீருகிற களைப்பு அல்ல. தூங்கியதனாலேயே வந்தது போலிருக்கும். சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். இதை வெளியே சொன்னால் எடுபடாது. எங்கள் கோலார் தங்கவயலில் வியாதி என்றால் கட்டுப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருமலாவது வேண்டும். சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். டயர்டாக இருக்கிறது என்று ஷிஃப்டுக்கு வராதவனை அன்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். சுரங்கத்தை மூடியவர்கள் அந்தப் பார்வையை மூட மறந்துவிட்டார்கள்.

ரயில் புறப்படும் மாரிகுப்பத்திலேயே ஏறும் கஜேந்திரன், தினமும் பெங்களூர் போய்வரும் எங்கள் சீசன் டிக்கெட் கும்பலுக்குத் தலைவன். வழக்கம்போலப் பேப்பர் விரித்து எனக்கு இடம் பிடித்திருந்தான்.

"இன்னா டேனியலு, மாப்ள மாதிரி கீற! உடம்பு சரியில்லன்னு சொன்னது யாரு, உன் பொண்டாட்டியா?"

"கோளாறு உள்ளடா."

"உள்ள யாருக்குத்தான் கோளாறு இல்ல? குந்து."

2. மூர்த்தி சாரின் ஏற்பாடு

பெங்களூரில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். லேட்டாக வருவது, சீக்கிரம் போவது, உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும் பார்ப்பது என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே மேனேஜர் மூர்த்தி சாரிடம் ஒப்பித்தேன். டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "முடியாத நாள்ல நீங்களே படுத்துடுவீங்க. தெம்பா இருக்கிற நாள்லதான் எனக்கு பயம். இருக்கிறதையெல்லாம் ஒரே நாள்ல செலவு பண்ணிடாதீங்க." இதை மூர்த்தி சாரிடம் சொல்லவில்லை. எனக்கே அது முக்கியமாகப் படவில்லை.

மூர்த்தி சார் நல்ல மனிதர். "மேல கேட்டிருக்கேன், டேனியல். கொஞ்ச நாள் பார்த்துட்டு முடிவு சொல்லுவாங்க. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருங்க. ஏணி கீணியெல்லாம் பசங்க பார்த்துப்பாங்க" என்றார்.

ஆக, நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் வேலை நிலைக்கும்; வேலை நிலைத்தால் மருந்துக்கான இன்ஷூரன்ஸ் நிலைக்கும். மேஜை நாற்காலிகூடத் தவறில்லாமல் செய்யும் வேலை இது.

3. ஸ்டாக் டேக்கிங்

ஒருநாள் காலையில் விழித்தபோது விரல்கள் முழுதாக மடங்கின. எங்கும் வலி இல்லை. தொலைந்துபோன ஆள் வீடு திரும்பியது போலிருந்தது. அன்றைக்கென்று ஸ்டோர்ஸில் ஸ்டாக் டேக்கிங். எல்லா டிபார்ட்மென்ட் ஆட்களும் ரேக்குகளுக்கு நடுவே நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் இருந்தபடி எண்ணிக்கையைப் பதிந்துகொண்டிருந்தேன்.

பர்ச்சேஸ் ரமேஷ் கேட்டான்: "சார், ரொம்ப நாளா நகராத சரக்கை டெட் ஸ்டாக்னு எழுதறோமே, அதுல உங்களையும் சேர்த்துக்கட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக், எனக்குத் தோன்றியிருந்தால் நானே அடித்திருப்பேன். பிறகு எழுந்து போய், பையனை இறங்கச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன்.

மேல்தட்டு பேரிங் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து எண்ணி, உச்சியிலிருந்து கத்தினேன். ஒரு ரேக் முடிந்ததும் அடுத்தது. கீழே கைதட்டினார்கள். ரமேஷ் செல்போனில் படம் பிடித்து, 'டேனியல் சார் இஸ் பேக்' என்று ஆபீஸ் குரூப்பில் போட்டான். மூர்த்தி சார் கட்டைவிரல் உயர்த்தினார். சாயங்காலம் ரயிலில் கஜேந்திரன் காட்டிய இடத்தை மறுத்துவிட்டு ஊர்வரை நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் எழ முடியவில்லை. என் மனைவி ஸ்டெல்லா டீ டம்ளரை என் வாயருகே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, கை வரலையா?"

கை மட்டும் என்றால் பரவாயில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதே அன்றைய ஷிஃப்ட் போலிருந்தது. அந்த வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று.

4. மேலிடத்து முடிவு

ஒருவழியாகத் திரும்பிப் போனபோது மூர்த்தி சார் செல்போனை என் முன்னால் வைத்தார். ஏணி உச்சியில் நான்.

"மேல இதைப் பார்த்துட்டாங்க, டேனியல். இவ்வளவு முடியறவருக்கு எதுக்குத் தனி டைமிங்னு கேக்கறாங்க. ஃபுல் ஷிஃப்ட் வரணுமாம், முடியலைன்னா..."

"இதைச் செஞ்சதாலதான் சார் படுத்துட்டேன்."

"நீங்க சொல்றீங்க. நான் அவங்களுக்கு எதைக் காட்டட்டும்? படுத்திருந்ததை யாரும் படம் எடுக்கலையே."

இன்னொரு முறை பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தேன். அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் நானும் நம்பமாட்டேன்.

ஃபுல் ஷிஃப்ட் போய்ப் பார்த்தேன். மாதம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் ரேக்குக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் சாய்ந்தவன், கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் எழ முடியாமல் கிடந்தேன். நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கஜேந்திரன் வீட்டுக்கே வந்து சண்டை போட்டான்.

"இன்னாத்துக்குடா வேலைய வுட்ட? அன்னிக்கு பெங்களூர்லேர்ந்து நின்னுக்கினே வந்த ஆளு நீ!"



இப்படியொரு வியாதியோடு வேலைக்குத் திரும்புகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முடிகிற நாளிலும் உட்காருங்கள். நாலு பேர் பார்க்க உட்காருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

நல்ல நாட்கள் எனக்கு இப்போதும் வருகின்றன. ஸ்டெல்லா காலையில் வேலைக்குக் கிளம்பிய பிறகு, மடங்குகிற விரல்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுதான் சொன்னபடி கேட்கிறீர்கள் என்று டாக்டரம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.