பச்சையம்மாவின் ஒன்றாம் நம்பர் கடை

பிளான் போடுகிற தொழிலில் ஒரு சௌகரியம், எதையும் ரப்பர் வைத்து அழித்துவிடலாம். அழித்த இடத்தில் யாருடைய பிழைப்பு இருந்தது என்பது பிறகுதான் தெரியும். வீடு கட்டி, பிளானை மாற்றி, ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

டேப்பின் மறுமுனை

செஞ்சிக்கு வெளியே மூடிக்கிடந்த பெரிய ரைஸ் மில். அதை இடித்துவிட்டு, ரோட்டோரம் பதினெட்டுக் கடைகள், மேலே வீடுகள், பின்னால் ஒரு கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்றார் ஓனர். அளக்கப் போன முதல் நாள் டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் பச்சையம்மா. மில் கேட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி இட்லிக்கடை போட்டிருந்தவர்.

அவர் தகராறு இல்லாமல் காலி செய்ய வேண்டுமே! கேட்டை ஒட்டிய முதல் கடை, நம்பர் ஒன்று, உங்களுக்குத்தான் என்றேன். ஓனரும் தலையாட்டினார். பிளானில் தொட்டும் காட்டினேன். "எனக்கு இதெல்லாம் இன்னா புரியும் சார்? அவலூர்பேட்டை பஸ்ஸ உட்டு எறங்குறவங்க மொதல்ல என் கடையப் பாக்கணும். அது போதும்."

படத்தில் இருந்தவர்கள்

கட்டடம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் ஒரு படம் போட்டு வாசலில் பேனராக வைத்தோம். படம் போட்டவன் செஞ்சியைப் பார்த்ததே இல்லை. நம் கோட்டை மலையின் பாறைகளையெல்லாம் துடைத்துவிட்டுப் பச்சைப்பசேலென்று புல் போட்டிருந்தான். நடைபாதை முழுக்க வெள்ளைக்காரர்கள்.

வீடு புக் பண்ண வந்த அனந்தபுரத்து மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி நெடுநேரம் பார்த்தார். "நாயிகூட வெள்ளக்காரந்தான் புட்ச்சினு போறான். எங்கள உள்ள உடுவாங்களா சார்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் படத்தில் இட்லிக்கடையும் இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

அக்னி மூலை

கேட்டு தென்கிழக்கில், அக்னி மூலையில் இருக்கிறது, ஆகவே ஆகாது, வடகிழக்குக்குக் கொண்டுபோங்கள் என்றார் ஓனர் கூட்டிவந்த வாஸ்துக்காரர். ஐந்து நிமிட வேலை, மாற்றிவிட்டேன். கடை நம்பர்களை மாற்றவில்லை. புக்கிங் ஆகிவிட்டது, மறுபடி யார் எல்லோருக்கும் விளக்குவது? புதுக் கேட்டிலிருந்து எண்ணினால் ஒன்றாம் நம்பர் கடைசிக் கடையாகிவிட்டது. அதன் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் வேறு.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாடகைக்கு வந்த ஒரு கடையை, என் பேச்சை நம்பி பச்சையம்மா வேண்டாமென்று விட்டிருந்தார். அது எனக்குத் தெரியும். ஒரு போன் போட்டிருக்கலாம், பாவி! நம்பர் மாறவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் மனசு கேட்காமல் வாஸ்துக்காரரிடம், அந்த இட்லிக்கடை என்ன ஆகும் என்று கேட்டேன். "அடுப்புக்கு அக்னி மூலைதான் சார் சரி. அந்தம்மா அமோகமா இருப்பாங்க!"

பதினெட்டு

கடைகள் திறந்து சில மாதம் கழித்துப் போனேன். கேட்டு இருக்கும் இடத்தில்தானே பஸ் நிற்கும்? அங்கே பதினெட்டாம் நம்பரில் வேறு ஒருவர் டிபன் கடை போட்டிருந்தார். நிற்க இடமில்லை. இந்தக் கோடியில் பச்சையம்மா காலியான பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. கேட்காமலே நாலு இட்லி வைத்தார். தப்பு என்னுதுதான்கா, முன்னாடியே சொல்லியிருக்கணும் என்றேன். அவர் சட்னியை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரி ஒன்னாம் நம்பர்தான் குட்த்தீங்க சார். வர்றவங்கதான் பதினெட்டுலயே சாப்ட்டுப் போயிடறாங்க."

இப்போதெல்லாம் கேட்டுக்கு இடம் குறிப்பதற்கு முன்னால், அதனால் பஸ் எங்கே போய் நிற்கும் என்று கேட்டுவிடுகிறேன். ஒரு அம்மாவின் பிழைப்பைக் கெடுத்துக் கற்றுக்கொண்ட தொழில் நுணுக்கம் இது.