மூன்று பஸ் ரசிகர்கள்

ஈரான் கால்பந்து அணி துபாய்க்கு வந்து ஓர் ஆட்டம் ஆடியபோது, மைதானத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை என் மாமாவிடம் வந்து சேர்ந்தது. மாமாவுக்கும் கால்பந்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அவர் கையில் பஸ்கள் இருந்தன. சோனாப்பூர் கேம்ப்களிலிருந்து தொழிலாளர்களை சைட்டுக்கு ஏற்றிப்போகும் கம்பெனி ஒன்றில் அவர் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை லீவு நாளில் பஸ்களும் சும்மா நிற்கும், ஆட்களும் சும்மா இருப்பார்கள் என்பதை யாரோ ஏற்பாட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. துபாயின் தேரா பகுதியில் வாப்பாவின் பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். எதிர்வீட்டில் ஓர் ஈரானிய அம்மா இருந்தார். அவர் கணவர் பிஸ்தாவும் உலர்பழமும் மொத்தமாக விற்பவர். அந்த அம்மாவை எல்லோரும் கானம் என்று கூப்பிட்டார்கள். பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது என்று தெரியாமல், நானும் அதையே பெயர் என்று நினைத்து கானம் ஆன்ட்டி என்று அழைத்துவந்தேன். பிள்ளைகள் இல்லாத வீடு. உம்மாவும் அவரும் அரைகுறை இந்தியில் பேசிக்கொள்வார்கள். சொல் கிடைக்காதபோது பள்ளிக்கூடத்தில் இந்தி படிக்கிற என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஆட்டம் தொடக்கத்திலிருந்தே சரியாக இல்லை. ஏதோ ஓர் ஆப்பிரிக்க நாட்டு அணி எதிர்த்து ஆட வருவதாக முதலில் சொன்னார்கள். தேதி இரண்டு முறை மாறியது. பிறகு அந்த நாடு வரவில்லை, உள்ளூர் கிளப் ஒன்றோடுதான் ஆட்டம் என்றார்கள். டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று கடைசி வாரம்வரை ஒருவருக்கும் தெரியவில்லை. துபாயில் இத்தனை ஈரானியர்கள் இருக்கும்போது ஆள் ஏன் வரமாட்டார்கள் என்று மாமா கானத்தின் கணவரிடம் கேட்டார். அவர் பிஸ்தாவைப் பிளந்துகொண்டே சொன்ன பதிலை மாமா எங்கள் வீட்டில் வந்து நடித்துக்காட்டினார். சொந்த ஊரில் நடக்கும் ஆட்டத்துக்கே இப்போதெல்லாம் பாதி மைதானம் காலியாம். வேலை நாளில் நடுப்பகலில் ஆட்டம் வைக்கிறார்களாம். பயிற்சியாளர் எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்று தெரிவதில்லையாம். பயிற்சி முகாம் என்று கூப்பிட்டுவிட்டு, வந்து சேர்ந்த பிறகு ரத்து என்கிறார்களாம். முன்பெல்லாம் அணி தோற்றால் அவர் இரண்டு நாள் சாப்பிடமாட்டாராம். இப்போது ஜெயித்தால்கூட மறுநாள்தான் அவருக்குத் தெரிகிறதாம்.

ஆனால் கானம் போயே ஆகவேண்டும் என்றார். அவருடைய தம்பி அந்த அணியில் இருந்தார். ஆட்டக்காரர் என்று சொல்வதைவிட, பெஞ்சில் உட்காருகிறவர் என்று சொல்லலாம். பல வருடங்களாக அணியில் எடுப்பார்கள், உட்காரவைப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். இந்த முறை இரண்டாம் பாதியில் இறக்குவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். கணவர் வரமாட்டேன் என்றதால் கானம் எங்கள் வீட்டுக்கு வந்து, துணைக்கு என்னை அனுப்பும்படி உம்மாவிடம் கேட்டார். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று உம்மா யோசித்தார். மாமாதான், எல்லாரும் நம்ம பஸ் ஆளுங்கதான் ராத்தா, நான் இருக்கேன்ல, என்று பொறுப்பேற்றுக்கொண்டார்.

கேம்ப் ஆட்களிடம் மாமா என்ன சொல்லிக் கூட்டிவந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் தீராத விஷயம். கால்பந்து என்று சொன்னபோது கை தூக்கியவர்கள் ஏழு பேர். அப்புறம் எப்படி மூன்று பஸ்களும் நிறைந்தன என்று கேட்டால், ‘மேட்ச்’ என்று மட்டும்தான் சொன்னேன் என்பார் மாமா. எந்த மேட்ச் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் தானும் சொல்லவில்லை என்பது அவர் கட்சி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, மூன்று பஸ்களும் மைதானத்துக்குப் போய்ச்சேர்ந்தன. நானும் கானமும் மாமாவின் பிக்கப்பில் பின்னாலேயே போனோம். கானம் புதிதாக ஒரு சிவப்புத் தலைத்துணி கட்டியிருந்தார். ஃபிளாஸ்க்கில் தேநீர், ஒரு பை நிறையப் பூசணி விதை, உட்காருவதற்குச் சின்னத் தலையணை எல்லாம் கொண்டுவந்திருந்தார். வாசலில் டிக்கெட் பார்த்தவரிடம் இரண்டு முறை, நான் உள்ளே போகலாம்தானே, என்று இந்தியில் கேட்டார். அவர் கேட்டது புரியாமல் அந்த ஆள் நாற்காலி நம்பரைக் காட்டினார்.

உள்ளே நுழைந்து மைதானம் கண்ணில் பட்டதும் கானம் படியிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இவ்வளவு பச்சையா, என்றார். டிவியில் வேறு மாதிரித் தெரியுமாம்.

கேம்ப் ஆட்கள் எல்லோரையும் டிவி கேமராவுக்கு எதிர்ப்பக்கத்தில் மொத்தமாக உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலமும் காகிதக் கொடியும் கொடுத்தார்கள். மற்ற மூன்று பக்கமும் ஏறக்குறைய காலி நாற்காலிகள். எங்கள் வரிசையில் எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் கம்பி கட்டும் வேலை செய்பவர், பெரம்பலூர்க்காரர். ரொம்ப நேரம் மைதானத்தையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா தமிழா? பேட்டு, ஸ்டம்பு ஒண்ணையும் காணோமே?”

இது கால்பந்து என்று சொன்னேன். அவர் பின்வரிசைக்குத் திரும்பி, “ஃபுட்பாலாம்டா,” என்று அறிவித்தார். செய்தி வரிசை வரிசையாக மேலே ஏறிப்போனது. யாரும் கோபப்படவில்லை. அதற்குள் பிரியாணியைப் பிரித்துவிட்டார்கள். இதில் நாம் எந்தப் பக்கம் என்று மட்டும் பெரம்பலூர்க்காரர் கேட்டார். நான் கானத்தைக் காட்டி, இவங்க தம்பி இருக்கிற பக்கம் என்றேன். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கவில்லை. இரண்டு அணியும் வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டன. ஒரு அணிக்கு வேறு நிறச் சட்டை கொண்டுவர ஹோட்டலுக்கு ஆள் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை ஆட்டக்காரர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கானம் எனக்குத் தம்பியைக் காட்டினார். மெல்லிய, உயரமான ஆள். காலுறையைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டிருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி அடையாளம் தெரிகிறது என்று கேட்டேன். சின்ன வயசில் அவனுக்குக் காலுறை மாட்டிவிட்டதே நான்தான், இப்போதும் சரியாக இழுத்துவிட மாட்டான், என்றார்.

முதல் பாதியில் எங்கள் பக்கம் நல்ல சத்தம் இருந்தது. எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாவிட்டாலும், பந்து எந்தப் பக்கம் போனாலும் மூன்று பஸ் ஆட்களும் ஒன்றாகக் கத்தினார்கள். இடைவேளை வந்தபோது யாரும் கோல் போட்டிருக்கவில்லை. மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படியேறி வந்தார். ஆட்டம் தாமதமானதை ஏற்பாட்டாளர்கள் மறந்துவிட்டார்கள், மாமாவால் மறக்க முடியாது. அதே பஸ்களில்தான் நைட் டூட்டி ஆட்களை ஏற்ற வேண்டும்.

“யல்லா, யல்லா, எல்லாரும் எந்திரிங்க. நைட் டூட்டி ஆளு கேம்ப் வாசல்ல நிக்கிறாங்க.”

கூட்டம் கொடிகளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தது. ஏற்பாட்டாளர் ஒருவர் கோட்டும் டையுமாக ஓடிவந்து மாமாவிடம் ஏதோ கெஞ்சினார். மாமா கையை விரித்து, கலாஸ் பாய், அவ்வளவுதான், என்றார். கானத்துக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும், பூசணி விதைப் பையின் வாயை மடித்துக் கட்டினார், பிறகு அவிழ்த்தார்.

பெரம்பலூர்க்காரர் எழுந்தவர் அப்படியே நின்றார்.

“சார், இந்த அக்காவோட தம்பி இப்பத்தான் எறங்கப் போறாராம். இப்பப் போயி எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?”

“அப்ப நீங்க நடந்துதான் வரணும்,” என்றார் மாமா.

“நடந்துக்கிறோம் சார்.”

அவரோடு அவர் ரூம் ஆட்கள் மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களைத் திரும்பி அழைத்துப்போக வருவதாகச் சொல்லிவிட்டு மாமா பஸ்களோடு கிளம்பினார். இரண்டாம் பாதி தொடங்கியபோது எங்கள் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர். எதிரே கேமராப் பக்கம் கொஞ்சம் பேர், பெரும்பாலும் அதிகாரிகள். பந்தை உதைக்கிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதுகூடக் கேட்டது.

கடைசி இருபது நிமிடம் இருக்கும்போது தம்பியை இறக்கினார்கள். எங்கள் பக்கத்துக் கோட்டோரமாகத்தான் அவருக்கு இடம். கானம் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இரண்டாவது முறைதான் வந்தது.

“தாதாஷ்!”

அதுதான் அவர் பெயர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எங்களிடம் பேசும்போதெல்லாம் கானம் அவரை ‘மேரா பாய்’ என்றுதான் சொல்வார், பெயர் சொன்னதில்லை. தாதாஷ் என்றாலும் அவர்கள் மொழியில் சகோதரன் என்றுதான் பொருள் என்று அன்று எனக்குத் தெரியாது. நானும் தாதாஷ் என்று கத்தினேன். பெரம்பலூர்க்காரரும் மற்ற மூவரும் கத்தினார்கள். அவர்கள் உச்சரிப்பில் அது ‘தாத்தாஸ்’ ஆகியிருந்தது.

தம்பி சட்டென்று திரும்பினார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் எங்களைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமே ஆகவில்லை. சிவப்புத் துணியைப் பார்த்ததும் ஓடிக்கொண்டிருந்தவர் நின்றேவிட்டார். கையைத் தூக்கினார். அந்த நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு அவருக்குப் பின்னால் புகுந்து போனான். மற்ற யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை. அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான். ஒரு தேசிய அணி உள்ளூர் கிளப்பிடம் தோற்றது.

கானம் உட்கார்ந்து தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். ஆட்டம் முடிந்து வெளியே வந்தோம். பெரம்பலூர்க்காரரையும் கூட்டாளிகளையும் மாமா பிக்கப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டார். நடக்கவைப்பேன் என்று சொன்னதை அவர் நினைவில் வைத்திருக்கவில்லை. இறங்கும்போது பெரம்பலூர்க்காரர் என்னிடம், அக்காவ வருத்தப்பட வேணாம்னு சொல்லு பாப்பா, தம்பி ஓட்டமெல்லாம் நல்லாத்தான் ஓடுனாரு, என்றார். நான் அதை இந்தியில் சொன்னேன். கானம் தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் மதியம் தம்பி எதிர்வீட்டுக்கு வந்தார். அன்று இரவே அணி விமானம் ஏற வேண்டும். கானம் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. தன் சத்தத்தால்தான் கோல் விழுந்தது, இனி அவனை அணியில் எடுக்கமாட்டார்கள் என்று காலையிலிருந்து உம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதிருந்தார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. அதன் பிறகு தம்பியை யாரும் அணிக்குக் கூப்பிடவில்லை. அதற்கு அந்தக் கோல் காரணமா, அடுத்து வந்த புதுப் பயிற்சியாளர் காரணமா என்பது யாருக்கும் தெரியாது.

உம்மா என்னிடம் ஒரு தட்டு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். கணவர் கடையில் இருந்ததால் முன்னறையில் நானும் தம்பியும் மட்டும். அவர் கணுக்காலில் ஐஸ் பையைக் கட்டியிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கத்தியதற்கு எங்கள்மேல் கோபமா என்று கேட்டேன். அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். யோசித்து யோசித்துச் சொன்னார். பதினோரு வருடமாக அவர் மைதானங்களில் ஆடுகிறார். அக்காவின் குரலை மைதானத்தில் கேட்டது நேற்றுத்தான் முதல் தடவை. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. இதைச் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பிறகு தங்கள் மொழியிலும் ஒருமுறை சொன்னார். உள்ளே பாத்திரம் உருட்டும் ஓசை நின்றது.

நான் விடவில்லை. உங்கள் ஊரில் மைதானம் வீட்டிலிருந்து ரொம்ப தூரமா என்று கேட்டேன். இல்லை, நடந்தால் பத்து நிமிடம் என்றார். அந்த ஊரில் பெண்களை ஆட்டம் பார்க்க உள்ளே விடுவதில்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ, சின்னப் பெண்ணிடம் எதற்கு என்று நினைத்தாரோ. எனக்கு அது தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன.

தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, தம்பி சொன்னதையெல்லாம் உம்மாவிடம் ஒப்பித்தேன். பத்து நிமிஷம் நடக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு இத்தனை வருடம் போகாமல் இருந்திருக்கிறார் கானம் ஆன்ட்டி, தம்பி பாவம், என்றேன். உம்மா வாளைமீனைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

“உள்ளே எப்படி புள்ள இருந்துச்சு?” என்றார்.

எங்கே உள்ளே என்றேன்.

“அதான், மைதானத்துக்குள்ள. நான் எங்க போயிருக்கேன்.”

புல் இருந்தது என்றேன். வேறென்ன என்றார். நிறைய நாற்காலி என்றேன். உம்மா ஈரக்கையோடு அப்படியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்து நான் டிவி பார்க்கப் போய்விட்டேன்.