முரளி வீட்டுக் கண்ணாடி அறையும் ஒரு பூசணிக்காயும்

பக்கத்து வில்லா முரளி, பின்பக்கம் கண்ணாடி அறை போடப் போவதாகச் சொன்னபோதே எச்சரித்தேன். துபாயில் கட்டட அனுமதிக்கு வரைபடம் போடுவதுதான் என் வேலை.

“முதல்ல கம்யூனிட்டி ஆபீஸ்ல என்ஓசி, அப்புறம் முனிசிபாலிட்டி பெர்மிட். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூகூட போடாதீங்க.”

“கண்ணாடிதானேக்கா, சுவரா எழுப்புறேன்? பின்னாடி வந்து யாரு பாக்கப் போறா?”

கூரை போட்டால் அது கட்டடம்தான் என்றேன். சிரித்தார். லீவு நாட்களில் ஆள் வைத்து வேலையை முடித்துவிட்டார்.

இன்று காலை எதிர்வீட்டைப் பார்க்க முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்தார். திரும்பி வண்டியில் ஏறப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

முரளி வீட்டுப் பக்கவாட்டுக் காம்பவுண்டுக்கு மேலே, பின்னால் எட்டிப் பார்த்த கண்ணாடிக் கூரையின் ஓரத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு திருஷ்டிப் பூசணிக்காய்.

“அது என்ன?” என்று வாசலில் நின்ற முரளியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

சும்மா அழகுக்கு என்று சொல்லியிருக்கலாம். விளக்கம் சொல்லும் வாய்ப்பை நம் ஆட்கள் விடுவார்களா?

“நாங்க புதுசா எதைக் கட்டினாலும், கண்ணு படாம இருக்க இதைத் தொங்கவிடுவோம் சார்.”

“புதுசா கட்டினீங்களா? பெர்மிட் எங்கே?”

கலாஸ். கதை முடிந்தது.

அனுமதி வாங்கு, இல்லையென்றால் பிரித்துவிடு என்று நோட்டீஸ். மதியமே முரளி என் வாசலில். “அக்கா, ஒரு டிராயிங் போட்டுக் குடுங்கக்கா.”

போடுகிறேன். பெர்மிட்டும் வாங்கித் தருவேன், அதில் சந்தேகமில்லை.

பூசணிக்காயைக் குறை சொல்ல மாட்டேன். ஊர்க் கண்ணைத் தன் பக்கம் இழுப்பதுதான் அதன் வேலை. கச்சிதமாகச் செய்திருக்கிறது.

உங்கள் வீட்டில் பெர்மிட் இல்லாமல் என்ன நிற்கிறது? பூசணியை இறக்கிவிட்டு வந்து கமெண்ட்டில் சொல்லுங்கள்.