பொழுதோடு சாப்பிடுகிற வீடு

கணவர் தர்மநாதன் போன பிறகு அனந்தமதியிடம் மிஞ்சியது ஒரே ஒரு பெருமைதான்: பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஜைனக் குடும்பத்தில் அது எல்லோருக்கும் உள்ள விரதம்தான். ஆனால் அனந்தமதி அதை நாலு பேர் காதில் போடாமல் விடமாட்டாள்.

அறுபத்து நாலாம் வயதில், செஞ்சியில் கண் தெரியாதவர்களும் கால் விளங்காதவர்களும் சேர்ந்து குடியிருந்த வீட்டுக்குச் சமைக்கப் போய் அங்கேயே தங்கினாள். புண்ணியம் சேரும் என்றுதான் போனாள், அதையும் மறைக்கவில்லை. சாயங்காலமானால் அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள்.

கொஞ்ச நாளில், அவள் தட்டை எடுக்கிற நேரத்துக்கே எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னாத்துக்குப் பறக்குறீங்க? சோறு ஓடியா போயிடும்?”

கூடை பின்னும் செல்லப்பன் பிறவியிலேயே பார்வையில்லாதவன். “வயிறு கேக்கலியே யக்கா” என்று சிரிப்பான். தின்னத்தான் பிறந்ததுகள் என்று அவள் முணுமுணுப்பதும் அவன் காதில் விழும். அதற்கும் சிரிப்பான்.

ஒருநாள் சமைத்து வைத்துவிட்டு மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்குப் போனாள். திரும்பும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. வந்து சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. சோற்றுப் பானை மூடியபடியே இருந்தது. எல்லோரும் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன் சாப்புடல?”

கால் விளங்காத மங்கைதான் பதில் சொன்னாள். “இந்த வூட்ல யாரையும் ஒண்டியா சாப்புட வுடக்கூடாதுன்னு வச்சிக்கினோம் யக்கா. முன்ன எட்டு மணிக்குத்தான் சாப்புடுவோம். நீ மூலையில தனியா குந்திக்கினு சாப்புடறன்னு செல்லப்பண்ணன்தான் நேரத்த மாத்துனாரு. ராஜகிரி மலை மேல சூரியன் எறங்குனா நான் பாத்துச் சொல்லுவேன். இன்னிக்கு நீ பட்டினின்னு தெரிஞ்சுபோச்சி. எப்பிடி சாப்புடறது?”

“சீக்கிரமா சாப்புட்டா ராத்திரி பசிக்காதா?”

“பசிக்கும்” என்றான் செல்லப்பன். “பழகிடுச்சி.”

அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த விரதத்தை இவர்கள் வாய் திறக்காமல் அவளுக்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள், அதுவும் அவளிடமே திட்டு வாங்கிக்கொண்டு. அனந்தமதி கூனிக் குறுகிப் போனாள். செல்லப்பனுக்குக் கண் தெரியாது என்பதையும் மறந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தன் வெறும் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்த மூலைக்கு அவள் போகவில்லை; பொழுதோடு கூடத்தில் எல்லோருடனும் சாப்பிட்டாள். எட்டு மணிக்கு அவர்கள் பசிக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே இருப்பாள்.

விரதத்தைப் பற்றி யாராவது கேட்டால், முன்போல நிமிர்ந்து பேசுவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “எங்க வூட்ல எல்லாருமே பொழுதோட சாப்புட்டுடுவோம்” என்பாள்.