அதே காலை, இரண்டாம் ஆட்டம்

லண்டன்காரர்கள் பாதிப் படத்தில் தியேட்டருக்குள் நுழைகிறார்கள். மதியம் தொடங்கும் படம் இரவுவரை திரும்பத் திரும்ப ஓடுகிறது. முடிவை முதலில் பார்த்துவிட்டு, தொடக்கத்தைப் பிறகு பார்த்து, தாங்கள் நுழைந்த காட்சி வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போகிறார்கள். நம் செங்கல்பட்டில் பெயர் போடுவதைத் தவறவிட்டாலே வீட்டில் சண்டை வரும்.

என் மனைவி ஜமீலா மாமல்லபுரத்திலிருந்து வந்த முதல் குளிர்காலம் அது. எதிர்ச் சாரியில் இருக்கும் காய்கறிக் கடைக்குக்கூடத் தனியே போகமாட்டாள். வாய் திறந்தால் சிரிப்பார்களோ என்று பயம். குளிர் முடிந்ததும் ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றாள். நானும் அரை மனதாகத் தலையாட்டியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு விஞ்ஞானக் கற்பனைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். நான் படித்திருந்த நாவலின் படம். ஒருவனுக்கு ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது. விடுதிக்காரம்மா கதவைத் தட்டி, "குட் மார்னிங், லவ். ஸ்டில் ரெயினிங்" என்கிறாள். "லவ்" என்றால் இங்கே நம் "கண்ணு" மாதிரி. மறுபடி அதே தட்டல், அதே மழை. நாங்களும் பாதியில்தான் நுழைந்தோம். மூன்றாவது முறை கதவு தட்டப்பட்டபோது ஜமீலா என் காதருகே சாய்ந்தாள்.

"இன்னாங்க, இங்கயும் பெட்டி வரலியா?"

மாமல்லபுரத்து டூரிங் கொட்டகையும் திருக்கழுக்குன்றத்துக் கொட்டகையும் ஒரே படத்தைப் பங்குபோட்டு ஓட்டிய காலம் உண்டு. அங்கே ஓடி முடிந்த ரீல் பெட்டி சைக்கிளில் இங்கே வர வேண்டும். சைக்கிள் வரத் தாமதமானால், ஆபரேட்டர் ஓட்டிய ரீலையே மறுபடி ஓட்டுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. திரைக்கு முந்தி வசனத்தைச் சொல்வதில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் போட்டியே நடக்கும். ஒருமுறை மணலில் உட்கார்ந்திருந்த மீன் வியாபாரி ஒருவர் வில்லனுக்கு யோசனை சொன்னார்: "மச்சான், போன வாட்டியே அந்தக் கதவாண்டதான் மாட்டிக்கினே. இந்த வாட்டியாவது பின்னால போ."

படம் முடிந்து விளக்கு எரிந்தது. பழக்கதோஷத்தில் எழுந்தேன்.

"உக்காருங்க. யாராவது தொரத்துனாங்களா?"

தொடக்கத்திலிருந்து பார்த்தோம். கதவு தட்டப்பட்டது. விடுதிக்காரம்மா வாய் திறக்கும் முன்பே, என் பக்கத்து இருட்டிலிருந்து கணீரென்று கேட்டது: "குட் மார்னிங், லவ். ஸ்டில் ரெயினிங்." முன்வரிசைப் பெண் திரும்பினாள். நான் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவளோ நாங்கள் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்த ரசிகர்கள் என்று எண்ணி, அது நாவலைவிட நன்றாக இருக்கிறதா என்று ஜமீலாவிடம் கேட்டாள். ஜமீலா தயங்காமல் "யெஸ்" என்றாள். நாவலைப் படித்தவன் நான்.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினாள். நான் பின்னாலேயே போய்க் கடை வாசலில் நின்றேன். பல நாளுக்குப் பிறகு நல்ல வெயில். அவள் கடைக்காரரைப் பார்த்து அந்த இரண்டு வாக்கியத்தையும் சொன்னாள். அவர் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னிடம், உன் மனைவிக்கு நம் ஊர்க் கிண்டல் நன்றாக வருகிறது என்றார். ஜமீலாவும் சிரித்தாள். கையைக் காட்டித் தக்காளி கேட்டாள், வெங்காயம் கேட்டாள், அழுகியதைத் திருப்பிக் கொடுத்தாள்.

வரும் வழியில், ஊருக்குப் போகிற பேச்சு என்னவாயிற்று என்று கேட்டேன்.

"போவலாம். லீவுல, ரெண்டு பேருமா."

உச்சி வெயிலில் அடுப்பில் சோறு கொதித்தது. ஜன்னல் திரையை விலக்கி, கண் கூசத் தெருவைப் பார்த்தபடி நின்றவள் சொன்னாள்: "அங்க இந்நேரம் பொழுது சாஞ்சி, லைட்டவுஸ்ல வெளக்கு போட்டிருப்பாங்க."